வயல் வயலாகவே இருக்க வரிச் சட்டம் என்ன செய்யும்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நிலத்தைப் பற்றியவை. மசேநிதி (மத்திய சேமநிதி), வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். திருவாரூர்ப் பக்கத்துப் பெண் நான். சிங்கப்பூர் ஷெண்டன் வேயில் வரிக்கணக்கு எழுதிக் காலம் தள்ளினாலும், வயல் என்று யாராவது பேச்செடுத்தால் என் காது அந்தப் பக்கம்தான் போகும்.

*

கேள்வி: அப்பா காலமானபின் மன்னார்குடி பக்கத்தில் உள்ள மூன்றரை ஏக்கர் நஞ்சை எனக்கும் தம்பிக்கும் வந்திருக்கிறது. தம்பி ஊரில் இருக்கிறான். மனைத் தரகர் ஒருவர் அவனிடம் நடையாய் நடக்கிறார். எனக்கு விற்க மனமில்லை. என்னோடு வேலை செய்யும் அமெரிக்கர், "எங்கள் ஊரில் நிலத்தை விவசாய நிலமாகவே வைத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தால் வரி குறையும்" என்கிறார். நமக்கும் அப்படி ஏதாவது உண்டா? நான் சிங்கப்பூர் நிரந்தரவாசி, இந்தியக் கடவுச்சீட்டு. – வாசகர், ஈசூன்

பதில்: உங்கள் நண்பர் சொல்வது சரிதான் தம்பி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் சட்டத்தில் இல்லாதது எது என்பது அப்போதுதான் தெரியும்.

அமெரிக்காவில் அதற்குக் கான்சர்வேஷன் ஈஸ்மென்ட் என்று பெயர். நிலத்துக்குச் சொந்தக்காரர், "இந்த நிலத்தில் இனி வீட்டுமனை போடமாட்டேன், எனக்குப் பின் வருகிறவர்களும் போடக்கூடாது" என்று பத்திரம் எழுதி, நிலப் பாதுகாப்பு அறக்கட்டளை ஒன்றுக்கோ அரசு அமைப்புக்கோ கொடுக்கிறார். நிலம் அவருடையதாகவே இருக்கும். உழலாம், மாடு மேய்க்கலாம், விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். மனை போடும் உரிமை மட்டும் நிரந்தரமாகப் போய்விடும். யார் வாங்கினாலும் அந்தப் பத்திரம் நிலத்தோடு ஒட்டிக்கொண்டே போகும். அறக்கட்டளைக்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறை வந்து நிலத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இதில் வரி எங்கே வருகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பண்ணையை வீடு கட்டி விற்பவர் 10 லட்சம் டாலருக்குக் கேட்கிறார். விவசாயம் செய்ய நினைப்பவர் 4 லட்சம்தான் தருவார். பத்திரம் எழுதிய மறுநாள் அந்த நிலத்தின் விலை 4 லட்சம். குறைந்துபோன 6 லட்சத்தைத் தருமமாகக் கொடுத்ததாக மத்திய அரசு எடுத்துக்கொண்டு, வருமானத்தில் கழிக்க அனுமதிக்கிறது.

பழைய விதிப்படி வருமானத்தில் 30 சதவீதம் வரைதான் கழிக்க முடியும். அதுவும் கொடுத்த ஆண்டிலும் அதற்கடுத்த 5 ஆண்டுகளிலும் மட்டும். வருடம் 80,000 டாலர் சம்பாதிக்கும் பண்ணைக்காரருக்கு ஆண்டுக்கு 24,000, மொத்தத்தில் 1,44,000. மீதி 4,56,000 டாலருக்கான கழிவு யாருக்கும் இல்லாமல் போகும். பெரும் பணக்காரருக்குத்தான் இந்தச் சலுகை முழுதாக உதவியது. மண்ணில் நிற்கிறவருக்கு அரைகுறைதான்.

2006இல் விதியை மாற்றினார்கள். 50 சதவீதம் வரை கழிக்கலாம், மிச்சத்தை 15 ஆண்டுகள் வரை தள்ளிக்கொண்டு போகலாம். வருமானத்தில் பாதிக்கு மேல் விவசாயத்திலிருந்து வருகிறவருக்கு 100 சதவீதம். நம் கணக்கிலுள்ள பண்ணைக்காரர் எட்டாவது ஆண்டுக்குள் 6 லட்சத்தையும் கழித்துவிடலாம். தற்காலிகமாக வந்த இந்த விதி அவ்வப்போது காலாவதியாகி, நீட்டிக்கப்பட்டு, 2015 டிசம்பரில்தான் நிரந்தரமானது.

சரி, மன்னார்குடிக்கு வருவோம்.

இந்தியாவில் விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வாங்கும் பணமும் விவசாய வருமானம்தான். இந்தியாவில் உங்களுக்கு வேறு வருமானம் அடிப்படை விலக்கை (வரியே இல்லாத வரம்பை) தாண்டி இருந்து, விவசாய வருமானமும் 5,000 ரூபாயைத் தாண்டினால், அந்த மற்ற வருமானத்தின் வரி விகிதத்தைக் கணக்கிட இதைச் சேர்த்துப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். அந்தப் பணத்தைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தாலும், வெளிநாட்டிலிருந்து பெறும் தனிநபர் வருமானத்துக்கு 2004 முதல் இங்கே வரி இல்லை.

நிலத்தை விற்றாலும் அப்படித்தான். கிராமத்து விவசாய நிலம் மூலதனச் சொத்தாகவே, அதாவது விற்ற லாபத்துக்கு வரி கட்ட வேண்டிய சொத்தாகவே, கருதப்படுவதில்லை. 10,000 முதல் 1 லட்சம் வரை மக்கள் உள்ள நகராட்சி எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் 6, அதற்கும் மேல் என்றால் 8 கிலோமீட்டர். இந்தத் தூரத்தை நேர்கோட்டில் அளப்பார்கள், சாலை வழியாக அல்ல. அதற்கு அப்பால் உங்கள் நிலம் இருந்தால், விற்ற லாபத்துக்கு ஒரு காசு வரி இல்லை. மன்னார்குடி நகராட்சி என்பதால் உங்கள் வயல் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

என் மனத்தை உறுத்துவது இந்த இடம்தான். உழுகிறவருக்கும் வரி இல்லை, விற்றுவிட்டுப் போகிறவருக்கும் வரி இல்லை. வாங்கியவர் அடுத்த மாதமே வாய்க்காலைத் தூர்த்துக் கல் நட்டாலும், விற்றவரிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அமெரிக்கச் சட்டம் சலுகையைக் கொடுத்துவிட்டு ஒரு வாக்குறுதியை வாங்கிக்கொள்கிறது. நம் சட்டம் அதைவிடத் தாராளமாகக் கொடுக்கிறது, பதிலுக்கு நிலத்துக்காக ஒன்றுமே கேட்பதில்லை. காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்த 2020ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். நல்ல சட்டம். எண்ணெய், எரிவாயு தோண்டுவதையும் உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றையும் தடுக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் வீட்டுமனை இல்லை. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபிறகு மனை போடுவது கொஞ்சம் அடங்கியது, பிறகு அந்த மனைகளை முறைப்படுத்தும் வரன்முறை விதிகள் வந்தன, மறுபடி ஆரம்பித்துவிட்டது. என் தாய்மாமா வயலுக்கு அடுத்த வயலில் மஞ்சளும் வெள்ளையும் அடித்த கற்கள் வரிசையாக நிற்கின்றன. கற்களுக்கு நடுவே கோரை முளைத்திருக்கிறது. வீடு ஒன்றும் வரவில்லை. வாய்க்கால் அடைபட்டதால் மாமா மடைக்குத் தண்ணீர் சுற்றிக்கொண்டு வருகிறது.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான பதில்: இல்லை. "விற்கமாட்டேன், மனை போடமாட்டேன்" என்று நீங்கள் எழுதிக் கொடுக்க இந்திய வரிச் சட்டத்தில் இடமும் இல்லை, அதற்குச் சலுகையும் இல்லை. நிலத்தைக் காப்பாற்ற நினைத்தால் நீங்களும் தம்பியும்தான் காப்பாற்ற வேண்டும். அதற்குச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் விவசாய நிலத்தைப் பரம்பரையாகப் பெறலாம், விலைக்கு வாங்க முடியாது. அதனால் தம்பி பணம் வேண்டும் என்று நின்றால், "உன் பங்கை நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று நீங்கள் சொல்ல முடியாது. உங்கள் பங்கை அவர் வாங்கலாம். நீங்கள் விற்பதானாலும் இந்தியாவில் வசிப்பவருக்குத்தான் விற்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் அண்ணன் தம்பி பேசி முடித்து, பதிவு அலுவலக வாசலில் போய் நின்றவர்களை எனக்குத் தெரியும். எனவே பேச்சு முற்றுவதற்கு முன் பாகப்பிரிவினை செய்துகொள்ளுங்கள். அந்தப் பத்திரத்தில் எந்த மடையிலிருந்து யாருக்குத் தண்ணீர், எந்த வரப்பு வழியாக டிராக்டர் இறங்கும் என்பதை எழுதச் சொல்லுங்கள். ஏக்கரை மட்டும் பிரித்து வழியையும் தண்ணீரையும் எழுதாமல் விட்டால், தம்பி பங்கு மனையானதும் உங்கள் பங்கு தானாகவே தரிசாகிவிடும்.

இரண்டாவது, தரிசாகப் போடாதீர்கள். வெளியூர்க்காரர்கள் குத்தகைக்கு விடப் பயப்படுகிறார்கள். 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, உழுகிறவரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்பதுதான் காரணம். அந்தச் சட்டம் வந்த நியாயம் எனக்குத் தெரியும். தஞ்சையில் உழைத்தவனை ஒரே நாளில் நிலத்தைவிட்டு விரட்டிய காலம் இருந்தது. ஆகவே பயந்து ஒளிவதைவிட, ஊரிலுள்ள வழக்கறிஞர் ஒருவரை வைத்து முறையாக எழுதிக்கொள்ளுங்கள். அல்லது தம்பியே ஆள் வைத்துச் சாகுபடி செய்யட்டும். எப்படியானாலும் ஒவ்வொரு பசலிக்கும் (வருவாய்த்துறை ஆண்டுக்கும்) கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் குறுவையோ சம்பாவோ ஏறியிருக்க வேண்டும். என்றைக்காவது விற்க நேர்ந்தால், அது விவசாய நிலம்தான் என்பதற்கு வரி அதிகாரி முதலில் கேட்பது அந்த அடங்கலைத்தான்.

தரகர், "நிலத்தைக் கொடுங்கள், நாங்களே மனை பிரித்து விற்றுப் பாதிப் பணம் தருகிறோம்" என்று கூட்டு போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நீங்களே மனை பிரித்து விற்றால் அதை வியாபார லாபம் என்று சொல்லி வரி கேட்க இடம் இருக்கிறது. விவசாய நிலம் என்ற பாதுகாப்பும் போய்விடும், நிலமும் போய்விடும்.

(வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண்களை நான் இங்கே எழுதவில்லை. 1961 சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு என்பதால் எண்கள் மாறுகின்றன.)

*

கேள்வி: மாணவர்களைக் கிராஞ்சிப் பண்ணை ஒன்றுக்கு அழைத்துப் போனேன். இங்கே பண்ணை வைத்திருப்பவர்களுக்கு வரிச் சலுகை கொடுத்தால் நிலம் நிலைக்காதா? – ஆசிரியை, சுவா சூ காங்

பதில்: இங்கே நிலைமையே வேறு. பண்ணைகள் இருப்பது அரசாங்க நிலத்தில், குத்தகையில். சொந்தக்காரர் விற்றுவிடுவாரோ என்ற பயம் இருக்கும் இடத்தில்தான் வரிச் சலுகை வேலை செய்யும். சொந்தக்காரரே அரசு என்றால், குத்தகை எத்தனை ஆண்டு, முடிந்தபின் என்ன என்பதுதான் எல்லாம். லிம் சூ காங்கில் 62 பண்ணைகள் ராணுவப் பயிற்சிக்காக இடத்தைக் கொடுக்க வேண்டும் என்று 2014இல் அறிவித்தார்கள். எத்தனை வரிச் சலுகை இருந்திருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது.

சிறிய தீவில் அரசு நிலத்தைக் கையில் வைத்துத் திட்டமிடுவதன் பலனை நாம் எல்லோரும் அனுபவிக்கிறோம். ஆனாலும் மண்ணில் முதலீடு போடுகிறவருக்கு நீண்ட குத்தகை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எருப் போட்டு மண்ணைப் பழக்கவே பல ஆண்டுகள் பிடிக்கும்.

காட்டுக்கும் மரத்துக்கும் நம்மால் செய்யக்கூடியது நன்கொடை. அங்கீகாரம் பெற்ற பொதுநல அமைப்புகளுக்குக் கொடுக்கும் பணத்துக்கு 2026 டிசம்பர் 31 வரை 250 சதவீத வரிக்கழிவு உண்டு. 1,000 வெள்ளி கொடுத்தால் வருமானத்தில் 2,500 வெள்ளியைக் கழிப்பார்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் கார்டன் சிட்டி நிதியும் அந்த வகையில் சேரும். மாணவர்களின் பெற்றோருக்குச் சொல்லுங்கள்.

*

கேள்வி: மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் வீட்டோடு 40 ஏக்கர் காடு வாங்கியிருக்கிறார்கள். சொத்து வரி தாங்கவில்லை. காட்டை ஏதோ திட்டத்தில் சேர்த்தால் வரி குறையுமாம், ஆனால் மரத்தை வெட்ட வேண்டுமாம். வரி குறைய மரத்தை வெட்டுவதா? எனக்குப் புரியவே இல்லை. – ஒரு தாய், புக்கிட் பாத்தோக்

பதில்: உங்கள் கவலை புரிகிறது அம்மா. ஆனால் அவர்கள் சொல்வது மொட்டையடிப்பது அல்ல.

அமெரிக்காவில் சொத்து வரியை நிலத்தின் சந்தை விலையை வைத்துப் போடுகிறார்கள். சுற்றிலும் வீடுகள் வந்து விலை ஏறினால், காட்டுக்காரருக்கும் வீட்டுமனைக்குரிய வரிதான். மரத்திலிருந்து வரும் பணம் அந்த வரிக்கே காணாது. வேறு வழி இல்லாமல் விற்பார், வாங்கியவர் துண்டு துண்டாகப் பிரிப்பார். இதைத் தடுக்க, நிலம் இப்போது எதற்குப் பயன்படுகிறதோ அந்த மதிப்புக்கு மட்டும் வரி போடும் முறையை முதலில் கொண்டுவந்தது மேரிலாந்து மாநிலம், 1956இல். வெர்மான்ட் 1978இல் சட்டம் போட்டது. இன்று அங்கே 20 லட்சம் ஏக்கருக்கு மேல் அந்தத் திட்டத்தில் இருக்கிறது. அவ்வளவு சின்ன மாநிலத்தில் அது பெரிய பங்கு.

காடாகச் சேர்க்க 25 ஏக்கராவது வேண்டும். வீடு இருந்தால் அதைச் சுற்றி 2 ஏக்கரைக் கழித்துவிடுவார்கள், ஆக மகளுக்கு 38 ஏக்கர் தேறும். அப்புறம் ஒரு வனவியலாளரை வைத்து 10 ஆண்டுகளுக்கான பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும். எந்தப் பகுதியில் என்ன மரம், எந்த வயது, எங்கே நெருக்கத்தைக் குறைப்பது, ஓடைக் கரையில் எவ்வளவு தூரம் தொடாமல் விடுவது என்று வரைபடத்தோடு இருக்கும். மாவட்ட வன அதிகாரி பார்த்து ஒப்புதல் தருவார். அந்தத் திட்டத்தில் வெட்டு என்றால், பெயின்ட் அடித்துக் குறித்த மரங்களை மட்டும் எடுப்பது. நெருக்கம் குறைந்தால் மிச்ச மரம் தடிக்கும். அந்த ஊரில் மேப்பிள் மரத்தில் துளை போட்டுச் சாறு இறக்கிக் காய்ச்சுவார்கள், நம்மவர்கள் பனையில் பதநீர் இறக்குவது மாதிரி. அதுவும் காட்டின் பயன்தான்.

வெட்டவே மனமில்லை என்றால் அதற்கும் வழி வந்திருக்கிறது. 2023 முதல், குறிப்பிட்ட தகுதியுள்ள காடுகளை முதுகாடாக (பழைய மரங்கள் நிறைந்த காடாக) வளர விட்டுவிடும் பிரிவு ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். மகளுடைய காடு அதற்குத் தேறுமா என்று அந்த வன அதிகாரியிடமே கேட்கச் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்றை மாப்பிள்ளையிடம் அழுத்திச் சொல்லுங்கள். சேர்ந்த நாளிலிருந்து அந்த நிலத்தின் மேல் அரசின் உரிமைப் பதிவு இருக்கும். பின்னால் அதில் ஒரு பகுதியை எடுத்து வீடு கட்டினால், அந்தப் பகுதியின் சந்தை விலையில் 10 சதவீதம் தண்டவரி. திட்டத்துக்கு மாறாக மரத்தை வெட்டினாலும் சிக்கல்தான். சலுகை வேண்டும், ஆனால் கட்டுப்படமாட்டேன் என்றால் நடக்காது.

இன்னொரு விஷயமும் எனக்குப் பிடித்திருக்கிறது. காட்டுக்காரருக்கு வரி குறைந்தால் உள்ளூர் ஊராட்சிக்கு வருமானம் குறையும் இல்லையா? வெர்மான்டில் மாநில அரசு அந்தக் குறையை ஊராட்சிக்கு ஈடுகட்டுகிறது. கலிஃபோர்னியாவில் 1965ஆம் ஆண்டு வில்லியம்சன் சட்டமும் நல்ல சட்டம்தான். நிலத்தை 10 ஆண்டுகளுக்கு விவசாய நிலமாக வைப்பதாக மாவட்டத்தோடு ஒப்பந்தம். ஒவ்வொரு ஆண்டும் தானாக ஓர் ஆண்டு கூடிக்கொண்டே போகும். நடுவில் முறிக்க வேண்டுமானால் நிலத்தின் மதிப்பில் 12.5 சதவீதம் கட்ட வேண்டும். ஒன்றரைக் கோடி ஏக்கருக்கு மேல் அதில் சேர்ந்தது. ஆனால் 2009 நிதி நெருக்கடியில் மாவட்டங்களுக்குக் கொடுத்துவந்த ஈட்டுத்தொகையை மாநிலம் ஏறத்தாழ நிறுத்திவிட்டது. சுமை உள்ளூர் தலையில் விழுந்தது. ஏழை மாவட்டம் எத்தனை நாள் தாங்கும்?

*

கேள்வி: அம்மா, கோபித்துக்கொள்ள வேண்டாம். நிலம் வைத்திருப்பவர்களே பணக்காரர்கள். அவர்களுக்கு வரியைக் குறைத்து, அந்தச் சுமையை நிலமே இல்லாத மற்றவர்கள் மேல் ஏற்றுவது எப்படி நியாயம்? – பல்கலைக்கழக மாணவர், பொங்கோல்

பதில்: கோபமே இல்லை தம்பி, கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் பக்கம் எவ்வளவு வலுவானது என்பதை நானே சொல்கிறேன்.

ஃபுளோரிடாவில் 1959 முதல் விவசாய நிலத்துக்குக் குறைந்த வரி. மனை போடக் காத்திருக்கும் நிறுவனங்கள் வாடகைக்கு மாடு பிடித்து நிலத்தில் மேயவிட்டு, கட்டடம் எழும்பும் நாள் வரை விவசாயி வரியைக் கட்டுகிற கதை அங்கே ஊரறிந்தது. நியூஜெர்சியில் 1964 சட்டப்படி 5 ஏக்கரும், ஆண்டுக்கு 500 டாலர் விற்பனையும் இருந்தால் போதும் என்று வைத்திருந்தார்கள். பெரிய மாளிகைக்காரர்கள் கொஞ்சம் விறகு விற்றுக் கணக்குக் காட்டினார்கள். பிற்பாடு அந்தத் தொகையை 1,000 ஆக்கினார்கள். அது போதாது என்பேன்.

இதைவிட மோசமானது ஈஸ்மென்ட்டில் நடந்தது. முதல் கடிதத்தில் சொன்ன கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். முன் விலைக்கும் பின் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் கழிவு. சில தரகர்கள் மலிவாக நிலம் வாங்கி, கூட்டு நிறுவனம் ஆரம்பித்து, டாக்டர்கள், வழக்கறிஞர்களிடம் பங்கு விற்றார்கள். சாதகமான மதிப்பீட்டாளரை வைத்து, "இங்கே சொகுசு விடுதி கட்டியிருக்கலாம்" என்று முன் விலையைப் பல மடங்கு ஏற்றினார்கள். போட்ட பணத்தைவிட வரிக்கழிவு பல மடங்கு. அங்கே ஒரு பசுவும் மேயவில்லை. அமெரிக்க வரித்துறை 2016 டிசம்பரில் இதைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் சட்டம் போட்டது: இத்தகைய கூட்டுகளில் போட்ட பணத்தின் இரண்டரை மடங்குக்கு மேல் கழிவு கேட்டால் முழுதும் செல்லாது. குடும்பக் கூட்டுகளுக்கும், நிலத்தை 3 ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கும் விலக்கு.

இவ்வளவு நடந்தபிறகும் நான் ஏன் இந்தச் சலுகையை ஆதரிக்கிறேன்? பண்ணைக்காரரிடம் இருக்கும் பணம் எல்லாம் மண்ணில் கிடக்கிறது. ஏட்டில் கோடீஸ்வரர், கையில் டிராக்டர் தவணை. வரி கட்டுவதற்காகவே நிலத்தில் ஒரு மூலையை விற்க ஆரம்பித்தால் அது நிற்காது. அந்த நிலம் மழையை உள்ளே இறக்குகிறது, கீழே இருக்கும் ஊரின் கிணற்றை நிரப்புகிறது, சோறு போடுகிறது. அதற்கெல்லாம் அவருக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. மனை போட்டால் மட்டும் கொடுக்கிறார்கள். அந்த வேறுபாட்டில் ஒரு பகுதியைப் பொதுப்பணத்திலிருந்து ஈடுகட்டுவது தருமம் அல்ல, கூலி.

ஆனால் அந்தக் கூலிக்கு வேலை நடந்திருக்க வேண்டும். நிபந்தனை இல்லாமல், மீறினால் திரும்ப வசூலிக்கும் ஏற்பாடு இல்லாமல் கொடுக்கும் சலுகை உங்கள் பணத்தை எடுத்து நில முதலாளிக்குக் கொடுப்பதுதான். அந்த இடத்தில் நான் உங்கள் பக்கம். வர்ஜீனியாவில் செய்திருப்பதைப் பாருங்கள்: ஈஸ்மென்ட் கொடுத்த நிலத்தின் விலைக்குறைவில் 40 சதவீதத்தை மாநில வரியிலேயே கழித்துத் தருகிறார்கள். வருமானம் குறைந்த விவசாயிக்கு அவ்வளவு வரியே இருக்காது என்பதால், அந்த வரிக்கழிவு உரிமையை வேறொருவருக்கு விற்றுக் காசாக்கிக்கொள்ளவும் விடுகிறார்கள். சிறு விவசாயிக்கும் அப்போது பலன் போய்ச் சேருகிறது.

*

கேள்வி: தோக்கியோவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். நெரிமா என்ற பகுதி. வீடுகளுக்கு நடுவே முட்டைக்கோசுத் தோட்டம்! அந்த விலைக்கு நிலத்தை எப்படி விற்காமல் இருக்கிறார்கள்? – வாசகி, செங்காங்

பதில்: வரிதான் காரணம். நகருக்குள் இருக்கும் விவசாய நிலத்துக்கு வீட்டுமனை அளவு வரி என்று வைத்துவிட்டு, 30 ஆண்டுகள் விவசாயமே செய்வேன் என்று பதிந்துகொண்டால் மட்டும் விவசாய வரி என்றார்கள். 1992 முதல் பெரிய அளவில் பதிந்தார்கள். அந்தத் தோட்டத்து ஓரத்தில் ஓர் அறிவிப்புப் பலகை நட்டிருக்கும், அடுத்த முறை போனால் பாருங்கள். முதலில் 500 சதுர மீட்டராவது இருக்க வேண்டும் என்றிருந்தது. 2017 திருத்தத்தில் 300 வரை குறைத்துக்கொள்ள உள்ளாட்சிகளுக்கு உரிமை கொடுத்தார்கள், தோட்டத்திலேயே காய்கறிக் கடை வைக்கவும் விட்டார்கள். வாரிசு வரியும் அப்படித்தான்: வாரிசு தொடர்ந்து உழும்வரை தள்ளிவைப்பார்கள், நிறுத்தினால் வட்டியோடு கட்ட வேண்டும். 2022இல் 30 ஆண்டு முடிந்ததும் எல்லோரும் விற்றுவிடுவார்கள் என்று பயந்தார்கள். பெரும்பாலானவர்கள் 10 ஆண்டு நீட்டிப்புக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

*

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் குடும்பத்துக்கு 6 ஏக்கர் காப்பித் தோட்டம். பாதி பழைய காடு, யாரும் நட்டதில்லை. மீதியில் காப்பியும் மிளகும், நிழலுக்குத் தாத்தா நட்ட சில்வர் ஓக் மரங்களும். காட்டைக் காடாக விட்டிருப்பதற்கு வரியில் ஏதாவது மதிப்பு உண்டா? – வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: இல்லை, அதுவே என் ஆதங்கம். நிலத்தை உழுது, விதைத்து, நட்டு வளர்த்தால்தான் விவசாயம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1957இல் வகுத்த விதிதான் இன்றும் அடிப்படை. அதன்படி தாத்தா நட்டுப் பராமரித்த சில்வர் ஓக்கை வெட்டி விற்றால் விவசாய வருமானம், வரி இல்லை. தானாக முளைத்த மரத்தை விற்றால் அது விவசாய வருமானம் ஆகாது. வெட்டாமல் விட்டால் ஒன்றுமே கிடைக்காது. ஆக, காட்டைத் திருத்தி நட்டவருக்குச் சலுகை உண்டு, காட்டைக் காத்தவருக்கு இல்லை. வெர்மான்டில் முதுகாட்டுக்கென்று தனிப் பிரிவு வைத்ததைப் போல ஒரு பிரிவு நம் மலைகளுக்கு வேண்டும் என்று நான் எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.

காப்பிக்கு வேறு கணக்கு. பழத்தைப் பறித்துப் பக்குவப்படுத்தாமல் அப்படியே விற்றால் முழுக்க விவசாய வருமானம். நீங்களே பதப்படுத்தி விற்றால் லாபத்தில் 25 சதவீதம் வரிக்கு உட்பட்டது. வறுத்து அரைத்துத் தூளாக விற்றால் 40 சதவீதம். சிராங்கூன் சாலையில் சொந்தத் தூள் விற்கலாம் என்று ஆசை இருந்தால் இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மரத்தில் கை வைப்பதற்கு முன் ஒன்று. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955இலிருந்து இருக்கிறது. அது பொருந்தும் மலை ஊர்களில், சொந்த நிலமே ஆனாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. எந்த மரம் நட்டது, எது தானாக வந்தது என்பதற்கு ஒரு பட்டியல் போட்டு, புகைப்படத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா காலத்துக் கணக்கு நோட்டில் நாற்று வாங்கிய செலவு எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழியாமல் எடுத்து வையுங்கள், வரி அதிகாரியிடம் அதைவிட நல்ல சாட்சி கிடையாது.